தறிக்குழியிலிருந்து மூன்றாவது மாடி வரை: நம் வீடுகளின் உள்ளமைப்பு வரலாறு



இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் வீட்டின் உள்ளமைப்பு. இன்டீரியர் டிசைன் என்றால் பணக்காரர்கள் சமாச்சாரம் என்று நினைத்துத் தாண்டிப் போய்விட வேண்டாம். இது உண்மையில் ஒரு வரலாற்றுப் பாடம். அதுவும் நம் சேலம் மாவட்டத்துக்கு நெருங்கிய சம்பந்தம் உள்ள பாடம்.

ஜலகண்டாபுரத்திலிருந்து தாரமங்கலம் வழியாகச் சேலத்துக்குப் பஸ்ஸில் போனால், நகரம் நெருங்க நெருங்க அபார்ட்மெண்ட் விளம்பரப் பலகைகள் வரிசையாகக் கண்ணில் படும். மாடுலர் கிச்சன், ஃபால்ஸ் சீலிங், மரத்தாலான டிவி யூனிட், சுவரோடு சேர்ந்த அலமாரி என்று எல்லாப் பலகைகளிலும் ஒரே படம்தான். நம் ஊர்ப் பக்கம் தறி ஓட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைத்த குடும்பங்கள் இன்று சேலத்திலும் பெங்களூரிலும் சென்னையிலும் இப்படிப்பட்ட ஃப்ளாட்டுகளை வாங்குகின்றன. சாவி கைக்கு வந்ததும் எழும் முதல் கேள்வி, "என்ன கலர் அடிக்கலாம்?"

அந்தக் கேள்வி கடைசியில் வர வேண்டியது என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். முதலில் கேட்க வேண்டியது வேறு: இந்த வீட்டில் யார், எந்த வேலையை, எங்கே உட்கார்ந்து செய்யப் போகிறார்கள்? இதைக் கேட்ட வீடுகள் எப்படி இருந்தன, கேட்காத வீடுகள் என்ன ஆயின என்று பார்ப்போம்.

தறி வரைந்த வீடு

நம் பக்கத்துப் பழைய கைத்தறி வீடு ஒன்றை மனதில் கொண்டு வாருங்கள். வாசலில் திண்ணை. உள்ளே நுழைந்ததும் இருப்பதிலேயே பெரிய அறை. அந்த அறையில் தரையைத் தோண்டிக் குழித்தறி. நெசவாளர் குழியின் விளிம்பில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் விட்டு மிதிகளை மாற்றி மாற்றி அழுத்துவார். கை நாடாவை ஓட்டும். பக்கத்திலேயே வீட்டுப் பெண்களோ பெரியவர்களோ ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருப்பார்கள். சற்றுத் தள்ளி விட்டத்தில் கட்டிய தூளியில் குழந்தை தூங்கும். சமையல் புகை நூலில் படியாதபடி அடுப்பு பின்கட்டில் இருக்கும்.

இதை எந்த ஆர்க்கிடெக்டும் வரையவில்லை. தறிதான் வரைந்தது. குழி எதற்கு? தறி தரைக்கு நெருக்கமாக இருந்தால் மண்ணின் ஈரப்பதம் பாவுக்குக் கிடைக்கும், நூல் சீக்கிரம் அறுந்து போகாது. சேலத்து வெயிலுக்கு இது எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை. வெளிச்சம் துணியின் மேல் விழ வேண்டும் என்பதற்காகக் கூரையில் நடுநடுவே ஒரு கண்ணாடி ஓடு. பூ வேலைப்பாட்டுக்கு ஜக்கார்டு பெட்டி வைக்கும் வீடுகளில் கூரை உயரமாக வேண்டும், ஏனென்றால் அந்தப் பெட்டி தறிக்கு மேலே உட்காரும்.

வீட்டுக்குள் அடங்காத வேலைக்குத் தெரு இருந்தது. நீளமான பாவை விரித்துக் கஞ்சி தோய்த்துக் காய வைக்க வீட்டில் இடம் கிடையாது. அதற்காக ஊர்ப் பொதுவில் விட்ட திறந்த இடம்தான் பாவடி. சேலம், நாமக்கல் பக்கத்து நெசவாளர் ஊர்களில் இந்தப் பெயர் இன்னும் வழக்கில் இருக்கிறது. சேலத்தில் பாவடியின் பெயரைத் தாங்கிய பள்ளிகூட உண்டு. வீட்டுக்குள் என்ன, வீட்டுக்கு வெளியே என்ன என்று வேலையை வைத்துப் பிரித்த திட்டமிடல் இது.

அந்த வாழ்க்கை சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. குழியில் நாள் முழுக்க உட்கார்ந்தவர்களின் முதுகு வலியும் முழங்கால் வலியும் நமக்குத் தெரிந்ததுதான். தறிக்கு இடம் கொடுத்த பிறகு மிஞ்சிய மூலையில்தான் மனிதர்கள் படுத்தார்கள். ஆனால் ஒரு விஷயத்தில் அந்த வீடு தெளிவாக இருந்தது. சோறு போடும் வேலைக்கு முதல் இடம், வெளிச்சமான இடம்.

1906: சேலத்தில் நடந்த ஒரு சோதனை

வீட்டின் உள்ளமைப்புக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதைக் காட்டும் சம்பவம் ஒன்று நம் சேலத்திலேயே நடந்திருக்கிறது.

ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயர் சென்னை மாகாணத்தில் தொழில் வளர்ச்சிக்குப் பொறுப்பாக இருந்தார். சென்னையில் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கி வைத்தவர் என்று அவரைப் பலருக்குத் தெரியும். கைத்தறியை எப்படி மேம்படுத்துவது என்று யோசித்த அவர், 1906-ல் சேலத்தில் அரசு நெசவுக்கூடம் ஒன்றை ஏற்படுத்தினார். இரண்டு நோக்கங்கள். ஒன்று, 1733-ல் இங்கிலாந்தில் ஜான் கே கண்டுபிடித்த ஃப்ளை ஷட்டில் எனப்படும் விசைநாடாவை நம் நெசவாளர்களுக்குப் பழக்குவது. இன்னொன்று, வீட்டில் தனித்தனியாக நெய்பவர்களை ஒரே கூரையின் கீழ் கொண்டு வந்து கூலிக்கு நெய்ய வைக்க முடியுமா என்று பார்ப்பது.

முதல் நோக்கத்தில் பிரச்சினை இல்லை. விசைநாடாவால் வேகமாக நெய்ய முடிந்தது. இரண்டாவது நோக்கம்தான் இடித்தது. நெசவாளர்கள் கூடத்துக்கு வரத் தயங்கினார்கள். வந்தவர்களும் நிலைத்து நிற்கவில்லை. 1910-ல், அரசே தொழில் நடத்துவதை லண்டனில் இந்திய மந்திரியாக இருந்த மார்லி பிரபு ஏற்காத நிலையில், அந்தக் கூடம் மூடப்பட்டது.

ஏன் தயங்கினார்கள்? வியாபாரிகளிடம் வாங்கிய கடன் உட்படப் பல காரணங்கள் உண்டு. ஆனால் வீட்டின் அமைப்பை வைத்துப் பார்த்தால் ஒரு காரணம் பளிச்சென்று தெரிகிறது. நெசவு ஒரு ஆளின் வேலை இல்லை, ஒரு குடும்பத்தின் வேலை. தார் சுற்றுபவர், பாவுக்குத் துணை நிற்பவர், அறுந்த நூலை முடிபவர் எல்லாரும் அந்த ஒரு வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்கள். நெய்பவரை மட்டும் கூடத்துக்குக் கூப்பிட்டால் மற்றவர்களின் உழைப்பு வீட்டிலேயே நின்றுவிடும். நேரமும் அவர்கள் கையை விட்டுப் போய்விடும்.

அடுத்த சில பத்தாண்டுகளில் விசைநாடா மாகாணம் முழுக்கப் பரவியது, ஆனால் வீட்டுத் தறிகளில். கருவியை ஏற்றுக்கொண்டார்கள், இடத்தை மாற்ற ஒப்பவில்லை. வீட்டுத் திட்டம் போடுகிறவர்கள் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது.

1926: பிராங்க்ஃபர்ட்டின் சமையலறை

இனி கொஞ்சம் வெளியூர் போய் வருவோம். இன்று விளம்பரப் பலகைகளில் பார்க்கும் மாடுலர் கிச்சனின் பாட்டி ஜெர்மனியில் பிறந்தவள்.

முதல் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனியில் கடும் வீட்டுப் பஞ்சம். பிராங்க்ஃபர்ட் நகரத்தில் எர்ன்ஸ்ட் மே என்ற கட்டடக் கலைஞரின் தலைமையில் ஆயிரக்கணக்கான சிறிய வீடுகள் கட்டப்பட்டன. அவற்றுக்கான சமையலறையை 1926-ல் வடிவமைத்தவர் மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியப் பெண். கட்டடக் கலை படித்த பெண்களே அபூர்வமாக இருந்த காலம் அது.

அவர் கலரிலிருந்து தொடங்கவில்லை. ஒரு பெண் சமைக்கும்போது எத்தனை அடி நடக்கிறாள், எத்தனை முறை குனிகிறாள் என்பதிலிருந்து தொடங்கினார். ரயிலில் இருக்கும் உணவுப் பெட்டியின் சமையலறையை முன்மாதிரியாக எடுத்துக்கொண்டார். அவ்வளவு சின்ன இடத்தில் அத்தனை பேருக்குச் சமைக்கிறார்களே! கடைசியில் ஏறக்குறைய 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமும் கொண்ட ஒரு சமையலறை உருவானது. மாவுக்கும் அரிசிக்கும் சர்க்கரைக்கும் தனித்தனியாக அலுமினிய இழுப்பறைகள். காய் நறுக்கும் இடம் ஜன்னலை ஒட்டி. பக்கத்து அறையில் விளையாடும் குழந்தையைப் பார்க்கத் தோதாக ஒரு தள்ளுகதவு. பிராங்க்ஃபர்ட்டில் சுமார் 10,000 வீடுகளில் இது பொருத்தப்பட்டது.

தறி நம் ஊர் வீட்டுக்குச் செய்ததை இந்தப் பெண் தெரிந்தே சமையலுக்குச் செய்தார் என்று சொல்லலாம். வேலையை அளந்தார், பிறகு சுவரை வைத்தார்.

ஆனால் ஒரு குறையும் இருந்தது. அந்தச் சமையலறை ஒரே ஒரு ஆளுக்கான அளவு. இரண்டு பேர் சேர்ந்து வேலை செய்ய முடியாது. பெண்ணின் கால்வலி குறைந்தது, ஆனால் அவள் அந்தச் சின்ன அறையில் தனியாகி விட்டாள் என்று பின்னால் வந்தவர்கள் விமர்சித்தார்கள். அம்மாவும் பாட்டியும் பேசிக்கொண்டே காய் ஆயும் நம் வீடுகளுக்கு இதை அப்படியே கொண்டு வந்து பொருத்தினால் என்ன ஆகும்? விடை பல ஃப்ளாட்டுகளில் இருக்கிறது. சமையலறையில் இடம் இல்லாமல் காய் நறுக்குவதும் கீரை ஆய்வதும் ஹாலில் டிவிக்கு முன்னால் நடக்கிறது!

வருமானத்தை வைத்து வீடு

இப்போது தமிழ்நாட்டுக்குத் திரும்புவோம். சுதந்திரத்துக்குப் பிறகு சென்னைக்கு மக்கள் வந்து குவிந்தார்கள். 1947-ல் அங்கே சிட்டி இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் ஏற்பட்டது. அதன் வாரிசாக 1961-ல் தமிழ்நாடு வீட்டு வசதி வாரியம் வந்தது. 1970-ல் குடிசை மாற்று வாரியம் உருவானது. 2021-ல் அதன் பெயர் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றப்பட்டது. நம்மில் பல பேருடைய பெற்றோர் முதன்முதலில் பார்த்த மாடி வீடு இவர்கள் கட்டியதாகத்தான் இருக்கும்.

இந்த வாரியங்கள் செய்த நன்மையைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஓலைக் குடிசையில் தீ விபத்துக்குப் பயந்து வாழ்ந்தவர்களுக்குக் கான்கிரீட் கூரை கிடைத்தது. ஆனால் வீடுகளை எப்படிப் பிரித்தார்கள் என்று கவனியுங்கள்: எல்.ஐ.ஜி., எம்.ஐ.ஜி., எச்.ஐ.ஜி. அதாவது குறைந்த வருவாய், நடுத்தர வருவாய், உயர் வருவாய். வீட்டுக்காரர் எவ்வளவு சம்பாதிக்கிறார் என்பது கேட்கப்பட்டது. எப்படிச் சம்பாதிக்கிறார் என்பது கேட்கப்படவில்லை. மீனவர் வலையை எங்கே வைப்பார், தையல்காரர் மெஷினை எங்கே போடுவார், இட்லிக் கடை வைத்திருக்கும் அம்மா மாவை எங்கே அரைப்பார் என்பதற்கு அந்த வரைபடத்தில் பதில் இல்லை. மாடிப்படியின் அடியிலும் நடைபாதையிலும் அவர்களே பதிலைக் கண்டுபிடித்துக்கொண்டார்கள். அதைத்தான் நாம் 'ஆக்கிரமிப்பு' என்கிறோம்.

1970-ல் இந்தியாவுக்கென்று தேசியக் கட்டட விதித்தொகுப்பு வெளிவந்தது. பிறகு 1983, 2005, 2016 ஆகிய ஆண்டுகளில் திருத்தி வெளியிடப்பட்டது. 2005 பதிப்பின்படி, இரண்டு அறை உள்ள வீட்டில் ஓர் அறை குறைந்தது 9.5 சதுர மீட்டர், மற்றது 7.5 சதுர மீட்டர் இருக்க வேண்டும். சமையலறை 5 சதுர மீட்டர். குளியலறையும் கழிப்பறையும் சேர்ந்திருந்தால் 2.8 சதுர மீட்டர். கூட்டிப் பாருங்கள்: 24.8 சதுர மீட்டர், அதாவது சுமார் 267 சதுர அடி. இதற்குக் கீழே போகாதே என்று காப்பதுதான் இந்த விதியின் வேலை. ஆனால் எண்கள் அறையின் அளவைத்தான் சொல்லும். அறைக்குள் என்ன நடக்கும் என்பதைச் சொல்லாது.

விதிவிலக்குகளும் உண்டு. 1977-ல் உலக வங்கி உதவியுடன் தொடங்கிய சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டத்தில், அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் பகுதிகளில் மனையும் அடிப்படை வசதியும் மட்டும் கொடுத்துவிட்டு, மிச்ச வீட்டை மக்களே தங்கள் தேவைக்கேற்பக் கட்டிக்கொள்ள விட்டார்கள். கடைக்கு ஒரு முன்னறை வேண்டுமா, வாடகைக்கு ஒரு மாடி வேண்டுமா என்பது அவரவர் முடிவு.

நெசவாளர்களுக்கும் ஒரு நல்ல முயற்சி நடந்தது. 1985-ல் தொடங்கிய ஏழாவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் மத்திய அரசு கைத்தறி நெசவாளர்களுக்குத் தறிக்கூடத்துடன் கூடிய வீட்டுத் திட்டத்தைக் கொண்டு வந்தது. இந்த வீட்டில் ஒரு தறி இருக்கும், அது வீட்டின் பகுதி என்று அரசாங்க வரைபடமே ஒப்புக்கொண்டது. சேலத்து நெசவாளர்கள் 1906-ல் சொல்லாமல் சொன்னதை டில்லி புரிந்துகொள்ள ஏறக்குறைய எண்பது வருடம் ஆனது.

உட்கார்ந்து சமைத்தவர்கள் எழுந்து நின்ற கதை

இதற்கிடையில் வீட்டுக்குள்ளேயே சத்தமில்லாமல் ஒரு புரட்சி நடந்தது. நம் பாட்டிமார் தரையில் உட்கார்ந்து சமைத்தார்கள். அரிவாள்மணை, அம்மி, ஆட்டுக்கல் எல்லாமே தரையோடு தரையாக இருந்த சாமான்கள். அதனால் அந்தக் காலத்துச் சமையலறைக்கு மேடை தேவைப்படவில்லை. தரையும் பரணும் மாடக்குழியும் போதும்.

எழுந்து நிற்க வைத்தவை மூன்று. முதலாவது கேஸ் அடுப்பு. சிலிண்டர் கீழே, அடுப்பு மேலே என்று ஆனதும் மேடை கட்டாயமாகி விட்டது. இரண்டாவது மின்சாரம். 1950-களில் கோயம்புத்தூரில் உருவான வெட் கிரைண்டர் ஆட்டுக்கல்லுக்கு ஓய்வு கொடுத்தது, பின்னால் மிக்ஸி அம்மிக்கு ஓய்வு கொடுத்தது. மூன்றாவது எவர்சில்வர். பித்தளையும் மண்பாத்திரமும் போய் ஸ்டீல் பாத்திரம் வந்தது. 1981-ல் உற்பத்தியைத் தொடங்கிய சேலம் உருக்காலை, துருப்பிடிக்காத எஃகு என்றாலே சேலம் என்று நாடு முழுக்கப் பெயர் வாங்கிக் கொடுத்தது. சமையலறைத் தொட்டியும்கூட இன்று அந்த எஃகில்தான்.

அரசியலும் நம் வீட்டுக்குள் சாமான் வாங்கிப் போட்டது. 2006-ல் ஆட்சிக்கு வந்த தி.மு.க. அரசு இலவசக் கலர் டிவியும் கேஸ் அடுப்பும் கொடுத்தது. 2011-ல் வந்த அ.தி.மு.க. அரசு மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் கொடுத்தது. இதைத் தேர்தல் கணக்காக மட்டும் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க மறக்கிறார்கள். சில வருடங்களுக்குள் லட்சக்கணக்கான வீடுகளின் உள்ளமைப்பு மாறிவிட்டது. தறி இருந்த சுவருக்கு டிவி வந்தது. ஒரே ஒரு பிளக் பாயிண்ட் இருந்த சமையலறைக்கு நாலு தேவைப்பட்டது. அந்த நாலு இல்லாத வீடுகளில் இன்றும் மல்டி-பிளக்கில் கிரைண்டரும் மிக்ஸியும் தொங்குவதைப் பார்க்கலாம். பக்கத்திலேயே தண்ணீர்க் குழாய். இது அழகு பற்றிய பிரச்சினை இல்லை, உயிர் பற்றிய பிரச்சினை.

சிங்கப்பூர் ஃப்ளாட்டில் நம்மவர்கள்

அடுக்குமாடியில் வாழ்வதை அதிக காலமாகப் பழகிய தமிழர்கள் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். அங்கே 1960-ல் தொடங்கிய எச்.டி.பி. என்ற வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய ஃப்ளாட்டுகளில்தான் நாட்டு மக்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் வாழ்கிறார்கள். சாமி மாடமும் தோசைக்கல்லும் அந்தப் பத்தாவது மாடியிலும் உண்டு.

நாம் அங்கிருந்து கற்க வேண்டியது அலங்காரத்தை அல்ல, ஒழுங்கை. உள்ளே எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்று அங்கே தெளிவான விதி இருக்கிறது. சுவரை இடிக்க அனுமதி வாங்க வேண்டும். புது ஃப்ளாட்டில் முதல் மூன்று வருடம் குளியலறை டைல்ஸைப் பெயர்க்கக் கூடாது. டைல்ஸுக்கு அடியில் இருக்கும் நீர்த்தடுப்புப் பூச்சு கெட்டுப்போனால் கீழ் வீட்டுக் கூரையில் ஒழுகும் என்பதுதான் காரணம். 1998-லிருந்து கட்டப்படும் புதிய ஃப்ளாட்டுகளில் ஆபத்துக் காலத்துக்கென்று கனமான கான்கிரீட் சுவருடன் ஒரு சின்ன அறையும் சட்டப்படி உண்டு. அதைச் சாமான் அறையாகப் பயன்படுத்திக்கொள்ளலாம், ஆனால் அதன் சுவரில் கை வைக்கக் கூடாது.

தனி வீட்டில் நம் சுவர் நம்முடையது. அடுக்குமாடியில் நம் தரை இன்னொருவரின் கூரை. இந்த ஒரு வரியைப் புரிந்துகொள்ளாமல் டிரில்லிங் மெஷினைக் கையில் எடுக்கக் கூடாது.

புது ஃப்ளாட்டுக்கு வருவோம்

இவ்வளவு கதையும் எதற்கு? புதிதாக ஃப்ளாட் வாங்கும் குடும்பம் இருபது வருட இஎம்ஐ-யில் தலையைக் கொடுக்கிறது. அதன் மேல் உள் அலங்காரத்துக்கென்று இன்னொரு கடன். அந்தப் பணம் சரியான வரிசையில் செலவாக வேண்டும். வரலாறு சொல்லும் வரிசை இதுதான்.

முதலில், வாங்கியது எவ்வளவு இடம் என்று தெரிந்துகொள்ளுங்கள். 2016-ல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், அதாவது ரேரா, கார்ப்பெட் ஏரியாவுக்கு விளக்கம் கொடுத்திருக்கிறது. வெளிச்சுவர், குழாய்கள் போகும் பொது இடைவெளி, பால்கனி, திறந்த மாடி ஆகியவற்றை நீக்கிய உள் பரப்பு அது. உள்ளே இருக்கும் தடுப்புச் சுவர்கள் அதில் சேரும். மாடிப்படி, லிஃப்ட் பங்கையெல்லாம் சேர்த்துச் சொல்லும் சூப்பர் பில்ட்-அப் கணக்கை வைத்துக் கட்டில் வாங்கினால் கட்டில் வாசலிலேயே நிற்கும்! அதே சட்டம், கட்டமைப்பில் குறை இருந்தால் ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருடத்துக்குள் சொன்னால் கட்டியவரே சரிசெய்து தர வேண்டும் என்றும் சொல்கிறது. குறை தெரிவதற்குள் சுவர் முழுக்கப் பலகை அடித்து மூடிவிட்டால் கசிவும் விரிசலும் கண்ணுக்கே தெரியாமல் போய்விடும்.

இரண்டாவதாக, ஒரு தாளில் வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் ஒரு நாளை எழுதுங்கள். அப்பா எங்கே கணக்கு எழுதுவார்? அம்மா தையல் மெஷினை எங்கே போடுவார்? தம்பி எங்கே படிப்பான்? முழங்கால் வலியுள்ள பாட்டி இரவில் எழுந்தால் கழிப்பறைக்கு எத்தனை அடி நடக்க வேண்டும்? வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர் யார்? 2020-ல் கொரோனா ஊரடங்கு வந்தபோது, வேலைக்கும் படிப்புக்கும் இடம் விடாமல் கட்டிய வீடுகள் எப்படித் திணறின என்று எல்லாரும் பார்த்தோம். தறியைத் தூக்கி வெளியே வைத்த வீட்டுக்குள் வேலை லேப்டாப் ரூபத்தில் திரும்பி வந்துவிட்டது.

மூன்றாவதாக, வரைபடத்தின் நகலில் சாமான்களை அதே அளவு விகிதத்தில் வெட்டி ஒட்டிப் பாருங்கள். கிராஃப் தாள் போதும், சாஃப்ட்வேர் வேண்டாம். நடக்கும் வழிக்கு மூன்று அடியாவது விடுங்கள். கதவும் அலமாரிக் கதவும் திறந்தால் மோதுகின்றனவா என்று பாருங்கள்.

நான்காவதாக மின்சாரமும் தண்ணீரும். சுவரைக் கொத்தி ஒயர் இழுப்பது பூச்சுக்கு முன்னால்தான் சுலபம். சில புதிய கட்டடங்களில் அலுமினிய அச்சு வைத்துச் சுவரையே கான்கிரீட்டாக வார்க்கிறார்கள். மைவான் முறை என்பார்கள். அங்கே சுவரே கட்டடத்தைத் தாங்குகிறது. அதைக் கொத்தவே கூடாது. தூண், உத்தரம், ஸ்லாப் ஆகியவற்றை எந்தக் கட்டடத்திலும் தொடக் கூடாது.

ஐந்தாவதாகத்தான் மரவேலை. சமையல் மேடையின் உயரத்தைக் கடைக்காரர் சொல்லும் அளவில் வைக்காதீர்கள். அங்கே நின்று சமைப்பவரின் முழங்கையிலிருந்து ஏறக்குறைய 10 செ.மீ. கீழே இருந்தால் தோள் வலிக்காது. ஐந்தடிக்குக் குறைவான அம்மாவுக்கு ஆறடி ஆளுக்கான மேடை எதற்கு? வீட்டில் இருவர் சமைப்பார்கள் என்றால் இருவர் நிற்க இடம் விடுங்கள். ஃபால்ஸ் சீலிங் பற்றி ஒரு வார்த்தை: கட்டட விதி கேட்கும் குறைந்தபட்ச உயரம் 2.75 மீட்டர், சுமார் 9 அடி. அதில் அரை அடியைச் சீலிங்குக்குக் கொடுத்துவிட்டால் மின்விசிறியும் வெப்பமும் தலைக்கு நெருங்கி வரும். சேலத்து மே மாதத்தை நினைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

கலர்? அதைக் கடைசி வாரத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

முடிவாக

குழித்தறி வீடு, பிராங்க்ஃபர்ட் சமையலறை, வாரிய ஃப்ளாட், சிங்கப்பூர் ஃப்ளாட் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒரே உண்மைதான் தெரிகிறது. வீட்டுக்குள் நடக்கும் வேலையை மதித்த இடத்தில் வீடு மனிதருக்கு ஒத்துழைத்தது. அந்த வேலையை மறந்த இடத்தில் மனிதர்கள்தான் வீட்டுக்கு ஒத்துப்போக வேண்டியிருந்தது. ஒத்துப்போனவர்கள் பெரும்பாலும் பெண்களும் வயதானவர்களும் வீட்டிலிருந்தே பிழைப்பவர்களும்தான்.

சேலத்து நெசவாளர்களிடம் 1906-ல் பட்டமும் இல்லை, வரைபடமும் இல்லை. ஆனாலும் தங்கள் குடும்பத்தின் உழைப்பு எந்த இடத்தில் ஒன்றுசேர்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதை விட்டுக்கொடுக்க மறுத்தார்கள். புது வீட்டின் வரைபடத்தைக் கையில் வைத்திருக்கும் நண்பர்களே, உங்கள் வீட்டில் அதிக நேரம் உழைப்பவர் யார் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். வெளிச்சமும் காற்றும் உள்ள நல்ல இடத்தை முதலில் அவருக்கு ஒதுக்குங்கள். மிச்ச அலங்காரம் எல்லாம் அதற்குப் பிறகு.